கார் ஏசி கம்ப்ரஸர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கார் ஏசி பழுதுபார்க்கும் கடைகளில் வரிசை நீளும். அங்கே அதிகம் காதில் விழும் தீர்ப்பு, "கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது. ஏசியிலேயே விலை கூடிய உறுப்பு அதுதான் என்பதால், அந்த ஒரு வரியிலேயே பலருக்கு வியர்த்துவிடும். கம்ப்ரஸர் தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் வேறு ஏதாவது ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அடுத்த கோடையில் அதே கடை, அதே வரிசை. கீழே உள்ள பதில்கள் நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. மின்சாரக் கார் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கம்ப்ரஸர்தான் குளிர்காற்றை உண்டாக்குகிறதா?

இல்லை. உண்மையில் அது சூடாக்குகிறது.

குளிர்ச்சி பிறக்கும் இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயில். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அங்கே நடப்பதும் அதுதான்: ஆவியாகும் திரவம் தொட்ட இடத்தின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலிங் காயிலுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. இருப்பதால், அங்கே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. பிளோயர் தள்ளும் காற்று அந்தக் காயிலின் இடுக்குகளில் புகுந்து, வெப்பத்தை அங்கேயே விட்டுவிட்டு உங்கள் முகத்துக்கு வருகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆவியான வாயுவை மறுபடி திரவமாக்கினால்தான் அடுத்த சுற்று ஓடும். திரவமாக்க வேண்டுமென்றால் அதன் வெப்பத்தைப் பிடுங்கி வெளியே தள்ள வேண்டும். வெளியே மே மாதக் காற்று 40 டிகிரி. ஐந்து டிகிரியில் இருக்கும் வாயு 40 டிகிரிக் காற்றிடம் வெப்பத்தைக் கொடுக்கவே முடியாது. வெப்பம் தானாக மேடேறாது. கம்ப்ரஸர் நுழைவது இந்த இடத்தில். வாயுவை 230 பி.எஸ்.ஐ. வரை அழுத்தினால், அது 60 டிகிரியிலேயே திரவமாகத் தயாராகிவிடும். கம்ப்ரஸரை விட்டு வெளியேறும்போது அதைவிடவும் சூடாக இருக்கும். இப்போது அந்த 40 டிகிரிக் காற்றே அதற்குக் குளிர்காற்று. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. அங்கிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிரையர், பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை. துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுந்து மறுபடி கூலிங் காயில்.

பானட்டைத் திறந்தால் இதில் எதையாவது கண்ணால் பார்க்க முடியுமா?

பார்ப்பதைவிடத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பின் வழியாக இரண்டு அலுமினியக் குழாய்கள் உள்ளே போகும். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. ஏசி பத்து நிமிடம் ஓடிய பின் தடித்த குழாய் சில்லென்று, மேலே நீர் முத்துக்கோத்து இருக்க வேண்டும். மெல்லியது சூடாக இருக்க வேண்டும். வாயு அதிக இடம் கேட்கும், திரவம் கேட்காது என்பதால்தான் இந்தத் தடிமன் வித்தியாசம். இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் கம்ப்ரஸர் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் அழுத்தவில்லை, அல்லது உள்ளே கேஸ் இல்லை. கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொட வேண்டாம், கை கொப்பளித்துவிடும்.

கம்ப்ரஸருக்குள் என்னதான் இருக்கிறது?

கார்களில் நெடுங்காலமாக ஆட்சி செய்வது ஸ்வாஷ் பிளேட் வகை. எஞ்சினில் பிஸ்டனை ஆட்ட கிராங்க் ஷாஃப்ட் இருக்கிறது. இங்கே அது கிடையாது. ஒரு நேரான தண்டு, அதன் நடுவே சாய்வாகப் பொருத்தப்பட்ட ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். தண்டு சுற்றும்போது, தட்டின் விளிம்பில் ஏதாவது ஒரு புள்ளியை மட்டும் கவனித்தால், அந்த இடம் முன்னும் பின்னுமாக ஊசலாடுவது தெரியும். அந்த விளிம்பைச் சுற்றிலும் பிஸ்டன்கள் தண்டுக்கு இணையாகப் படுத்திருக்கும். தட்டு சுற்றச் சுற்ற, வரிசையாக ஒவ்வொரு பிஸ்டனும் தள்ளப்பட்டு இழுக்கப்படும். பல ஜப்பானியக் கம்ப்ரஸர்களில் பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் தலை உண்டு. ஐந்து பிஸ்டன், ஆனால் பத்து சிலிண்டர். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பத்து முறை வாயு அழுத்தப்பட்டு வெளியேறும். அதனால்தான் அதிர்வு இவ்வளவு குறைவு.

தட்டும் பிஸ்டனும் நேரடியாக உரசினால் சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். இடையில் அரைக்கோள வடிவில் சின்ன உலோகக் குண்டுகள் இருக்கின்றன, ஷூ என்பார்கள். தட்டையான பக்கம் தட்டின்மேல் வழுக்கும், உருண்டையான பக்கம் பிஸ்டனின் குழியில் திரும்பும். அந்த வழுக்கலைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேஸ் கசிவு பற்றிய கேள்வியில் வேலைக்கு ஆகும்.

சிலிண்டரின் வாயில் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன ரீட் வால்வுகள் இருக்கும். பிஸ்டன் பின்வாங்கும்போது ஒன்று திறந்து வாயுவை உள்ளே விடும்; முன்னேறும்போது அது மூடி மற்றொன்று திறக்கும். கேம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அழுத்த வேறுபாடே திறந்து மூடுகிறது.

தட்டு சுற்றாமல் தள்ளாடி மட்டும் ஆடும் வாபிள் பிளேட் வகையும் உண்டு. சுருள் வடிவ ஸ்க்ரோல், ரோட்டரி வேன் வகைகளும் உண்டு. உள்ளமைப்பு வேறு, செய்யும் வேலை ஒன்றே.

ஏசி பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று கேட்கிறதே, அது என்ன?

காந்தக் கிளட்ச். எஞ்சின் ஓடும்வரை பெல்ட் ஓடும், பெல்ட் ஓடும்வரை கம்ப்ரஸரின் முன்னாலுள்ள புல்லி சுற்றும். ஏசி அணைந்திருந்தாலும் சுற்றும். ஆனால் புல்லி ஒரு பேரிங்கின்மேல் தனியாகத்தான் சுற்றுகிறது. உள்ளே தண்டு அசையாது. பொத்தானை அழுத்தினால் புல்லிக்குப் பின்னால் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கு 12 வோல்ட் போய் அது காந்தமாகிறது. தண்டோடு இணைந்த முன் தட்டு அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளியைத் தாவி வந்து புல்லியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டல்தான் 'டக்'.

இந்த எளிய ஏற்பாடு இல்லாத காலமும் இருந்தது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஏசி பொருத்தி விற்றது. அதில் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! போதாததற்குக் குளிர்விக்கும் சாதனம் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் காந்தக் கிளட்சோடு, எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே அடக்கிய ஏசி 1954-இல் நாஷ் அம்பாசடர் காரில் வந்தது. பெயரைப் பார்த்து நம் அம்பாசடரோ என்று எண்ண வேண்டாம். அது வேறு வண்டி.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிப்பது பழுதல்ல. கூலிங் காயில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் அதன்மேல் படியும் ஈரம் உறைந்து காற்றை அடைத்துவிடும். அதற்கு முன்பே அங்குள்ள சென்சார் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஆனால் சில விநாடிக்கு ஒருமுறை டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால், கேஸ் குறைந்து அழுத்த சுவிட்ச் மாறி மாறித் துண்டிக்கிறது என்று பொருள்.

என் காரில் அந்தச் சத்தமே வருவதில்லை. பழுதா?

குளிர்ச்சி இருந்தால் பழுதில்லை. கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர்கள் இப்போது பல கார்களில் வருகின்றன. அவற்றில் சாய்ந்த தட்டின் சாய்வையே கூட்டவும் குறைக்கவும் முடியும். தேவை அதிகமானால் தட்டு நன்றாகச் சாயும், பிஸ்டன் நெடுந்தூரம் போய்வரும். தேவை குறைந்தால் தட்டு கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றுகொள்ளும், பிஸ்டன் பெயருக்கு அசையும். பின்பக்கத்தில் உள்ள சிறிய கட்டுப்பாட்டு வால்வு கம்ப்யூட்டரின் கட்டளைப்படி உள்ளழுத்தத்தை மாற்றி இதைச் செய்கிறது. முழுக் கம்ப்ரஸரையும் மாற்றச் சொல்லும் இடங்களில் சில நேரம் பழுது இந்த வால்வில் மட்டும் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஏசி போட்டால் மைலேஜ் குறைகிறது, வண்டி இழுக்கவும் சிரமப்படுகிறது. ஏன்?

கம்ப்ரஸரைச் சுற்றும் சக்தி பெல்ட் வழியாக எஞ்சினிலிருந்தே வருகிறது. கடும் வெயிலில் மூன்று நான்கு குதிரைத்திறன் வரை அது எடுத்துக்கொள்ளும். பெரிய எஞ்சினுக்கு அது பொருட்டல்ல. 800 சிசி, ஆயிரம் சிசி எஞ்சினுக்கு ஏற்காட்டு மலைப்பாதையில் நன்றாகவே உறைக்கும். பல கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் கம்ப்யூட்டரே சில விநாடிகளுக்குக் கம்ப்ரஸரை விடுவித்துவிடும். முந்திச் செல்லும்போது காற்று லேசாக வெதுவெதுத்தால் பதற வேண்டாம்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலைத் திருகியைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரணத் திருகி ஏசி கார்களில், கம்ப்ரஸர் ஒரே அளவில் அழுத்தும் வகை என்றால், அது நடக்காது. கம்ப்ரஸர் தன் பாட்டுக்கு அதே குளிர்ச்சியை உண்டாக்கும். திருகி ஹீட்டரின் சூட்டைக் கொஞ்சம் கலந்துவிடும், அவ்வளவே. முதலில் குளிரவைத்து, பிறகு சூடாக்கி, இரண்டுக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். குளிர் அதிகமென்றால் பிளோயரைக் குறையுங்கள், வெளிக்காற்று வராத சுழற்சியில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். கேஸ் எரிபொருள் அல்ல, தீர்ந்துபோக வழியில்லை. ஹோஸ் ரப்பர் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சம் கசிவது இயல்பு. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் குளிர்ச்சி குறைந்தால் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நீங்கள் ஓட்டைக்குத்தான் ஆண்டுச் சந்தா கட்டுகிறீர்கள்.

ஓட்டையைக் காட்டிக்கொடுப்பது எண்ணெய்க் கறை. கேஸோடு எண்ணெயும் சேர்ந்து கசியும், அதில் புழுதி ஒட்டும். குழாய் இணைப்பிலோ கண்டென்சரின் மூலையிலோ கம்ப்ரஸரின் மூக்குப் பகுதியிலோ கறுத்த பிசுபிசுப்பு தெரிந்தால் அங்கே சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

இன்னொன்றும் கவனியுங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் மீட்டரைச் சொருகி, "நூறு பி.எஸ்.ஐ. காட்டுகிறது, கேஸ் முழுசாக இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே ஒரு துளித் திரவம் மிச்சமிருந்தாலும், 30 டிகிரி வெப்பத்தில் அது அதே நூறைத்தான் காட்டும். அளவை எடை போட்டுத்தான் அறிய முடியும். சிறிய கார்களில் பெரும்பாலும் 300 முதல் 500 கிராம் வரை. சரியான எண் பானட்டின் உட்புறத்திலோ முன் சட்டத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். நல்ல கடையில் பழைய கேஸை முழுவதும் எடுத்து, வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு எடை பார்த்து ஏற்றுவார்கள். வேக்யூமில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறிவிடும். அந்த ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறையும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதானே குறையும், கம்ப்ரஸர் ஏன் கெட வேண்டும்?

கம்ப்ரஸருக்கு எஞ்சினைப் போல ஆயில் பம்பும் ஆயில் தொட்டியும் பொதுவாகக் கிடையாது. நூறு மில்லிலிட்டரை ஒட்டிய பிஏஜி என்னும் செயற்கை எண்ணெய் கேஸோடு கலந்து ஊர்சுற்றி, கூலிங் காயில் வழியாகத் திரும்பி வந்து கம்ப்ரஸரை நனைக்கிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயைத் தூக்கிவர ஆளில்லை. எண்ணெய் காயிலிலேயே தங்கிவிடும். திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் கம்ப்ரஸரைக் குளிர்விக்கவும் செய்கிறது, அதுவும் குறையும். சூடும் வறட்சியும் சேர்ந்து ஷூக்கள் தட்டைச் சுரண்டத் தொடங்கும். மிகவும் குறைந்தால், ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திக் காப்பாற்றும். ஆனால் பாதிக் கேஸில் அந்தச் சுவிட்ச் தலையிடாது. மெல்லச் சாகடிப்பது அந்தப் பாதிதான்.

அதிகமாக ஏற்றுவதும் கெடுதல். அழுத்தம் எகிறும், திரவம் ஆவியாகாமலே கம்ப்ரஸருக்குத் திரும்பும். வாயுவை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. முதலில் உடைவது ரீட் வால்வு.

"கம்ப்ரஸர் போய்விட்டது" என்கிறார் மெக்கானிக். சரிபார்ப்பது எப்படி?

எஞ்சின் ஓடும்போது இரண்டு மீட்டர்களும் என்ன காட்டுகின்றன என்று கேளுங்கள். சீரான ஏசியில் தாழ் அழுத்தம் 30 முதல் 45 வரை, உயர் அழுத்தம் வெயிலைப் பொறுத்து 180 முதல் 250 வரை இருக்கும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்சரில் அழுக்கு, அல்லது அதன் ஃபேன் ஓடவில்லை, அல்லது கேஸ் அதிகம். தாழ்வு உயர்ந்து, உயர்வு தாழ்ந்து, இரண்டும் நெருங்கி நின்றால் மட்டுமே கம்ப்ரஸர் மீது கை நீட்டலாம்: சுற்றுகிறது, ஆனால் அழுத்தவில்லை.

சுற்றவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு கிளட்ச் காயில். காயிலின் மின்தடை சாதாரணமாக மூன்று நான்கு ஓம். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஏசி அணைந்திருக்கும்போதே உறுமல் கேட்டால் அது புல்லி பேரிங். காயிலும் பேரிங்கும் பல கம்ப்ரஸர்களுக்குத் தனியாகவே கிடைக்கும். அதற்காக முழுவதையும் மாற்றுவது காது குத்த வந்த குழந்தைக்குக் காதையே அறுப்பது. ஏசி போட்டதும் இரும்பு அரைபடும் சத்தம் வந்து பெல்ட் கீச்சிட்டால், அப்போது சந்தேகமில்லை.

மாற்றுவது உறுதியானால் பில்லில் வேறு என்ன இருக்க வேண்டும்?

டிரையர், குழாய் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள், சரியான அளவு எண்ணெய். கண்டிப்பாக. பழைய கம்ப்ரஸர் உள்ளே அரைபட்டுச் செத்திருந்தால் உலோகத் தூள் குழாய் முழுதும் பரவியிருக்கும். குழாய்களைக் கழுவலாம். ஆனால் இன்றைய கண்டென்சரின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை, கழுவினாலும் தூள் முழுதும் வெளியேறாது. அதையும் மாற்றுவதே நல்லது. செலவு கூடுகிறது என்று அதைத் தவிர்த்தால் மிஞ்சிய தூளைப் புதிய கம்ப்ரஸர் விழுங்கும். உத்தரவாதம் கேட்டுப் போனால் அதே தூளைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

மழைக்காலத்தில் ஏசி போடாமல் விடலாமா?

வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். தண்டின் சீல் எண்ணெயில் நனைந்திருந்தால்தான் கசியாது. தவிரவும் மழையில் கண்ணாடி உட்புறம் பனிபடர்ந்தால் அதை விரைவில் துடைப்பது ஏசிதான்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே?

காற்றின் ஈரம். சொட்டட்டும். சென்னைப் புழுக்கத்தில் சொட்டாவிட்டால்தான் பார்க்க வேண்டும்: வடிகால் குழாய் அடைத்து, தண்ணீர் கேபினுக்குள் பாய்விரிப்பை நனைத்துக்கொண்டிருக்கும்.

ஆர்-134ஏ-க்குப் பதில் வேறு கேஸ் ஏற்றலாமா?

ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை மட்டுமே. முன்பு இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்றதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை. அங்கே ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. அது லேசாகத் தீப்பற்றும், விலை பல மடங்கு, நிரப்பும் முனையின் அளவும் வேறு. மலிவாகக் கிடைக்கிறதென்று எரியும் ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்றுகிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். கூலிங் காயில் கசிந்தால் அது நேராகக் கேபினுக்குள்தான் வரும்.

நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்கலாமா?

கூடாது. ஆபத்து ஏசி கேஸில் இல்லை. கம்ப்ரஸரைச் சுற்ற எஞ்சின் ஓடியாக வேண்டும், எஞ்சின் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். மூடிய ஷெட்டிலோ, சைலன்ஸர் ஓட்டையான வண்டியிலோ அது உள்ளே புகுந்தால் வாசனை தெரியாது, விழிப்பும் வராது.

மின்சாரக் காரில் பெல்ட்டே இல்லையே, கம்ப்ரஸர் எப்படி ஓடுகிறது?

மோட்டாரும் ஸ்க்ரோல் கம்ப்ரஸரும் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார், இதைப் பரவலாக்கிய வண்டி. சிக்னலில் எஞ்சின் அணைந்தாலும் அதில் ஏசி நிற்காது. இன்றைய மின்சாரக் கார்களில் பேட்டரியின் 300, 400 வோல்ட் நேரடியாக, ஆரஞ்சு நிறக் கேபிள் வழியாக அதற்குப் போகிறது. பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கம்ப்ரஸர்தான். வேகமாகச் சார்ஜ் ஏறும்போது ஆளில்லாத கார் முனகுவது அதனால்தான்.

மோட்டாரின் கம்பிச் சுருள்கள் கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே ஓடுவதால், எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். இதற்காக பிஓஈ வகை எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். சாதாரணக் கார்களின் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெட்டு, காரின் பாதுகாப்பு அமைப்பு உயர் மின்னழுத்தத்தையே துண்டித்துவிடக்கூடும், வண்டி நகராது. பெட்ரோல் கார்களுக்குக் கேஸ் ஏற்றிய அதே இயந்திரத்தை, ஹோஸ்களைக்கூடக் கழுவாமல் உங்கள் மின்சாரக் காரில் சொருக வந்தால், முதலில் அதில் என்ன எண்ணெய் ஓடியது என்று கேளுங்கள்.